நாய்க்குட்டியின் கடியைத் திருத்தும் முறை

சென்ற ஆண்டு பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டிற்குத் தறிப் பார்வைக்காகச் சென்றிருந்தோம். சங்கத்திலிருந்து அவர் பெற்ற நூலுக்கும் அவர் நெய்து கொடுத்த துணிக்கும் இடையே கணக்கில் சிறிது குறைவு கண்டது. கழிவு நூல் வழக்கத்திற்கு மேற்பட்டிருந்தது. காரணம் கேட்டதற்கு அவர் உடனே விடை கூறவில்லை. தறிக்குழியின் பக்கமாகக் கையை மட்டும் காட்டினார். குழியின் விளிம்பில் செவலை நிறக் குட்டி நாய் ஒன்று, முன்கால்களுக்கு நடுவே ஒரு சிட்டம் நூலை வைத்துக்கொண்டு, மிகுந்த சிரத்தையுடன் அதைப் பிய்த்துக்கொண்டிருந்தது. “இதை எந்த இனத்தில் எழுதுவது, ஐயா?” என்று கேட்டார். நம் பதிவேட்டில் அதற்கென்று இனம் ஏதும் இல்லை.

நூல் போனது பெரிதன்று. நாம் பேசிக்கொண்டிருக்கையில் அவருடைய மகன், ஏழு வயதுச் சிறுவன், இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தவாறே நின்றான். கையை வாங்கிப் பார்த்தோம். மணிக்கட்டுக்குக் கீழே ஊசி குத்தினாற்போல் இரண்டு புள்ளிகளும் ஒரு கீறலும் காய்ந்திருந்தன. பட்டு மூன்று நாட்களாயினவாம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் அப்பா குட்டியை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று பயந்தானாம். அதற்கு முந்திய குட்டி அவ்வாறுதான் போயிற்று. மற்றொரு பயமும் அவனுக்கு இருந்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று அவனுடைய ஆச்சி முன்னமே சொல்லி வைத்திருந்தார்.

அன்றைய பார்வை அவ்வளவில் நின்றது. தந்தையையும் மகனையும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினோம். பிறகு விசாரித்ததில், நாம் சென்று வரும் வீடுகள் பலவற்றிலும் இதே கதை நடப்பது தெரிந்தது. குட்டி கடிக்கிறது, அடிக்கிறார்கள், மேலும் கடிக்கிறது, ஒருநாள் இரவு அது வீட்டில் இல்லை. நாம் கால்நடை மருத்துவர் அல்லோம். கணக்குப் பார்ப்பது நம் தொழில். ஆயினும் இரண்டு நாய்களை வளர்த்து, செய்யத்தகாத தவறுகளையெல்லாம் செய்து கற்றதையும், மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் அங்கத்தினர்களுக்குச் சொல்வது உபயோகமாகும் என்று கருதுகிறோம்.

முதலில் கடிபட்ட கைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுவோம்; குட்டியைப் பழக்குவது பிறகு.

குட்டி சிறியது, நம் வீட்டில் நம் சோற்றைத் தின்று வளர்வது, ஆகவே அதன் கடி கடியே அன்று என்று எண்ணுவது பெருந்தவறு. வெறிநோய் குட்டிக்கும் வரும். குட்டிக்கு அந்நோய்க்கான முதல் தடுப்பூசி வழக்கமாக மூன்றாம் மாதத்தில் போடப்படுகிறது. குட்டி மிகுதியாகக் கடிக்கும் காலமோ இரண்டாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம் வரை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பல் நம் கையில் அதிகமாகப் படும் நாட்களில் ஒரு பகுதி தடுப்பூசியின் காவல் இல்லாத நாட்களே என்பது விளங்கும். தாய் தெருவில் திரிந்த நாயாக இருந்து, பிறந்த குட்டிகளிடையே வேறு நாய்கள் வந்துபோயிருந்தால் கவலை இன்னும் கூடுதல். நோய்க்குறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். முன்கூட்டிச் செய்வது ஒன்றே வழி.

ஆகவே பல் தோலைக் கீறினால் உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து. பதினைந்து நிமிஷம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். பெரும்பாலோர் இரண்டு நிமிஷத்தில் கையைத் துடைத்துவிடுகிறார்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் இவற்றில் எதையும் அப்பக்கூடாது. கழுவிய பின் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரத்தம் கசிந்த காயமானால் தடுப்பூசியுடன், காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். அதை முடிவு செய்வது மருத்துவர் பொறுப்பு.

ஆச்சி சொன்ன பதினான்கு ஊசியும் கட்டுக்கதை அன்று. கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் 1911-ஆம் ஆண்டில் உருவாக்கிய முறைப்படி, ஆட்டின் மூளையிலிருந்து செய்த மருந்தைப் பல தலைமுறையினர் வயிற்றில் போட்டுக்கொண்டார்கள். குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தின் பெயர் நம் பக்கத்துக் கிழவர்களுக்குத் தெரிந்திருப்பதும் அந்த மருந்தின் காரணமாகவே. ஆனால் இந்தியாவில் அதன் உற்பத்தி 2004-ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. இப்பொழுது ஊசி போடுவது கையில். தோலினுள் போடும் முறையானால் முதல் நாளும், அதன்பின் 3, 7, 28 ஆகிய நாட்களிலும் போட்டால் முடிந்தது. வீட்டிலுள்ள பெரியவர்கள் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைத்தால் நல்லது. வெறிநோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தையின் பயம் அதன் வாயைக் கட்டிவிட்டால், கடி பட்டதே நமக்குத் தெரியாமற் போகும்.

இன்னொன்று. கடித்த நாயைப் பத்து நாட்கள் கண்முன் வைத்துக் கவனிக்கும்படி மருத்துவர் சொல்வார். வெறிநோய் கண்ட நாயானால் அதற்குள் நோய் முற்றி இறந்துவிடும். நாய் நலமாக இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அவர் அதற்குத் தக்கபடி தீர்மானிப்பார். ஊசியைத் தொடங்குவதற்குப் பத்து நாள் காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆனால் கோபத்தில் குட்டியை அக்கரையில் விட்டு வந்தவர், தம் குழந்தையின் விஷயத்தில் கேட்க வேண்டிய சாட்சியையே தொலைத்துவிட்டவர் ஆகிறார். விட்ட குட்டி சாகவில்லையென்றால், ஊசி போடாத தெருநாயாக வேறொரு தெருவில் வளரும்.

இனி, குட்டி ஏன் கடிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

நாய்க்குக் கை கிடையாது. நம் குழந்தை எதையும் கையால் தொட்டுப் பார்ப்பதுபோல் குட்டி வாயால் கவ்விப் பார்க்கிறது. பிறந்து சுமார் இரண்டு வாரத்தில் கண் திறக்கிறது. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரத்திற்குள் பாற்பற்கள் முளைக்கின்றன. அவை 28, ஒவ்வொன்றும் ஊசிமுனை. தாடையில் வலு இல்லாத அவ்வயதில் பல் இத்தனை கூர்மையாக இருப்பது வீண் அன்று. குட்டி தன் உடன்பிறந்த குட்டியின் காதைக் கடிக்கிறது. கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திப் போய்விடுகிறது. கடித்தது தனியே நிற்கிறது. தாயின் மடியைக் கடித்தால் தாய் எழுந்து போய்விடுகிறாள், பால் நின்றுபோகிறது. இவ்வாறு நாள்தோறும் பலமுறை நடந்து, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும், எவ்வளவு அழுத்தினால் விளையாட்டுத் தொடரும் என்ற அளவு குட்டிக்குப் படிகிறது. இந்த அளவுதான் பின்னாளில் அது வளர்ந்த நாயாகி, திடுக்கிட்டுக் கவ்வும்போதுகூட நம் எலும்பைக் காப்பாற்றுவது.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஸ்காட், புல்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஐந்து சாதி நாய்களைப் பல்லாண்டுகள் வளர்த்துப் பார்த்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குட்டி பிற உயிர்களோடு பழகக் கற்கும் முக்கியமான காலம் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரை என்பது அவர்களுடைய முடிவு. நம் பக்கத்து வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டால் தவறு எங்கே என்பது புலப்படும். சோறு தின்னத் தொடங்கிவிட்டது, கடுவன் குட்டியை வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நான்காம் வாரத்திலேயே தூக்கி வந்துவிடுகிறோம். படிப்பு தொடங்கும் சமயத்தில் பள்ளியிலிருந்து பெயரை வெட்டிவிட்டு, பிறகு பிள்ளை படிக்கவில்லை என்று அடிக்கிறோம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. தெருவில் ஈன்ற நாயின் குட்டிக்கு விதி பேச எவரும் வரமாட்டார்கள். ஆனால் காரணம் அதற்கும் பொதுவே.

நம் தென்சீமை நாய்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்குப் பேர் பெற்ற வகைகள். ராஜபாளையத்திற்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்தார்கள். அசைவதைத் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் உள்ளது. அவற்றின் கலப்பு ஓரளவு நம் தெருக்களிலும் காணலாம். இப்படிப்பட்ட குட்டியின் முகத்துக்கு நேராகக் குழித்தறியின் மிதிகளில் இரண்டு கால்கள் நாள் முழுதும் ஏறி இறங்கினால் அது என்ன செய்யும்? மேலே நாடா ஓடுகிறது, கீழே கால் ஓடுகிறது, அருகே இராட்டை சுற்றுகிறது. குட்டிக்கு இதைவிடப் பெரிய திருவிழா இல்லை. தறி ஓடும் நேரத்தில் அதைத் தறியருகே விடாமல், வீட்டின் மறுபுறத்தில் ஒரு மூலையைத் தடுத்து அங்கே வைப்பதே முதல் வேலை. கண்ணுக்கு எட்டாதது பல்லுக்கும் எட்டாது.

நெசவாளர் வீட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கழிவு நூலையோ துணித் துண்டையோ குட்டிக்கு விளையாடக் கொடுக்க வேண்டாம். முதலாவது, கழிவு நூலுக்கும் பாவு நூலுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது. இரண்டாவது இன்னும் பெரிது. விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலில் இறங்கிப் போகும். குடல், சுருக்குக் கயிறு இழுத்த பைபோல மடிந்துகொள்ளும். நூல் அதை உள்ளிருந்தே அறுக்கும். குட்டி வாந்தி எடுத்து, தீனி மறுத்துச் சுருண்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுத்துவிடக்கூடாது. பேட்டைக்கு அருகே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அப்படியே தூக்கிச் செல்ல வேண்டும்.

இனிப் பழக்கும் முறை. அது சொல்வதற்கு மிக எளிது. பல் தோலில் பட்டவுடன் விளையாட்டு நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான். உடன்பிறந்த குட்டி செய்ததை நாம் செய்கிறோம்.

செய்யும்போதுதான் கஷ்டம் தெரிகிறது. கையைக் கவ்வியதும் நாம் இயல்பாகக் கையை வெடுக்கென்று இழுக்கிறோம். இழுத்த கை ஓடுகிற முயல். குட்டி இன்னும் வேகமாகப் பாய்கிறது. தோல் கிழிவதும் இழுப்பினால்தான். நம் முதல் குட்டியிடம் நாம் செய்த தவறு இது. கை அசையாமல் மரக்கட்டைபோல் ஆகிவிட வேண்டும். “போதும்” என்று ஒரே சொல், உரக்க அன்று, தாழ்ந்த குரலில். வாயைத் தளர்த்தியதும் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். காலைத் தொடர்ந்து வந்து கடித்தால் ஒரு கதவுக்கோ தட்டிக்கோ மறுபுறம் போய்விட வேண்டும். அரை நிமிஷம் போதும். அதற்கு மேலானால் குட்டி எதற்காகத் தனியே நிற்கிறோம் என்பதையே மறந்துவிடும். பிறகு திரும்பி வந்து, ஒன்றும் நடவாததுபோல் விளையாடலாம். மறுபடி கடித்தால் மறுபடி நிறுத்த வேண்டும். முதல் நாளில் இருபது முறை நடந்தாலும் சலிப்படையக் கூடாது. முதலில் அழுத்தமான கடிக்கு மட்டும் நிறுத்தி, அது குறைந்த பின் மெல்லிய கவ்வலுக்கும் நிறுத்தினால், அளவு தெரிந்த வாயும் அமையும், பிறகு வாய் வைக்காத பழக்கமும் அமையும்.

குட்டிபோலவே வீறிட்டுக் கத்த வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நம் முதல் குட்டி அதைக் கேட்டு நின்றது. இரண்டாவது குட்டிக்கு அது உற்சாகத்தை ஊட்டிற்று. ஆகவே அதை நாம் யாருக்கும் விதியாகச் சொல்வதில்லை.

நிறுத்துவது பாதி வேலை. கடிக்கத் தக்க ஒன்றைக் கொடுப்பது மறுபாதி. பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் நான்காம் மாதம் முதல் ஆறாம் ஏழாம் மாதம் வரை ஈறு நமநமவென்று இருக்கும். விழுங்க முடியாத பெரிய, கெட்டியான ரப்பர் வளையமோ பந்தோ நல்லது. பருத்த கேரட்டைக் குளிர வைத்துக் கொடுக்கலாம், நாம் பக்கத்தில் இருந்தால். வெந்த எலும்பு கூடாது. சிராய்ந்து குடலில் குத்தும். பழைய செருப்பைக் கொடுத்தால், வாசலில் விருந்தினர் விட்ட புதுச் செருப்பும் அதன் கணக்கில் சேரும்.

அந்த நெசவாளர் வீட்டுக்கு மறுபடி சென்றபோது, குட்டி நான்கு பேரிடம் நான்கு பாடம் கற்றுக்கொண்டிருந்ததைக் கண்டோம். தந்தை மாலையில் கையைக் கொடுத்துக் கடிக்க வைத்து விளையாடுவார், வீரம் வரவேண்டுமாம். தாய் வாயில் அடிப்பார். சிறுவன் கூச்சலிட்டு ஓடுவான். ஆச்சியின் முந்தானையைக் கவ்வினால், விடுவிப்பதற்காக அவர் ஒரு துண்டு இட்டிலி போடுவார். முந்தானையைப் பிடித்தால் இட்டிலி விழும் என்பதைக் குட்டி இரண்டே நாளில் கண்டுகொண்டது. நம் சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு ஆளுக்கொரு விதமாக நடப்பதைப் பார்த்திருக்கிறோமே, அதுபோலத்தான். அன்று திண்ணையில் உட்கார்ந்து நால்வரிடமும் ஒரே சொல், ஒரே செயல் என்று பேசி முடிவு செய்தோம். “பல்லு முளைக்கிற பிள்ளை கடிக்கத்தானே செய்யும்?” என்று ஆச்சி கேட்டார். அவர் சொன்னது சரியே. இட்டிலியைத்தான் நிறுத்தச் சொன்னோம்.

அடிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். மூக்கில் தட்டுவதும், உதட்டைப் பல்லோடு நசுக்குவதும், வாயில் மிளகாய் தடவுவதும் நம் ஊர்களில் வழக்கம். சில சமயம் குட்டி அப்போதைக்கு அடங்கும். ஆனால் கை வந்தால் வலி வரும் என்று அது கற்றுக்கொள்ளும். பின்னாளில் ஒரு குழந்தை தடவிக்கொடுக்கக் கையை நீட்டும்போது, அந்தப் பழைய கணக்கை அது தீர்க்கும். உறுமினால் அடிப்பது அதைவிட மோசம். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. அதை அடித்து நிறுத்தினால் மணி அடிக்காமலே கடிக்கும் நாய் உருவாகும்.

குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது ஓடாமல் இருப்பது. குட்டி பாய்ந்தால் மரம்போல் நின்று, கைகளை மடித்துக் கட்டி, வானத்தைப் பார்க்க வேண்டும். அசையாத குழந்தையிடம் குட்டிக்கு வேலை இல்லை. இதை விளையாட்டாகவே கற்றுக்கொடுத்தால் குழந்தைகள் நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள். எனினும் சிறு குழந்தையையும் குட்டியையும் தனியே விடலாகாது. குட்டி தின்னும்போதும் தூங்கும்போதும் தொடுவதும் கூடாது.

மூடிய கையில் சிறிது தீனியை வைத்து நீட்டிப் பழக்கலாம். குட்டி கடிக்கும், பிறாண்டும், கை திறக்காது. சலித்து நக்கும்போது, அல்லது வாயை எடுத்து நிமிர்ந்து பார்க்கும்போது கை திறக்கிறது. பத்து நாளில் கையைக் கண்டால் பொறுமையாக உட்காரும். கூடவே தினமும் காது, பாதம், வாய் ஆகியவற்றை மெல்லத் தொட்டுப் பழக்கினால், ஊசி போடும் மருத்துவருக்கும் எளிது.

தூக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இவ்வயதுக் குட்டி நாளில் பெரும்பகுதி தூங்க வேண்டியது. மாலை வேளையில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து மாறி மாறித் தூக்கி விளையாட, தூக்கம் கெட்ட குட்டி பேய் பிடித்ததுபோல் கடிக்கும். அப்போது பாடம் நடத்திப் பயன் இல்லை. அதன் மூலையில் விட்டால் ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடும்.

வாழைத் தோட்டத்தில் காவலுக்கென்று குட்டி வளர்க்கும் விவசாயிகளின் சங்கடம் வேறு விதமானது. மோட்டார் அறையில் நாள் முழுதும் கட்டிப் போட்டு, மாலையில் அவிழ்த்தால், அதுவரை அடங்கியிருந்த விளையாட்டு முழுதும் வருபவர் கெண்டைக்காலில் இறங்கும். காவல் நாய்க்கும் ஆள் பழக்கம் வேண்டும். முதல் மூன்று நான்கு மாதங்கள் வீட்டில் வளர்த்து, பிறகு தோட்டத்துக்குக் கொண்டுபோவது நலம். அறையில் பூச்சிமருந்து, உரப்பைகள் அதன் வாய்க்கு எட்டாதபடி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விளையாட்டுக் கடிக்கும் கோபக் கடிக்கும் வித்தியாசம் உண்டு. விளையாடும் குட்டியின் உடல் தளர்ந்து நெளியும். முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயரும். உடல் விறைத்து, பார்வை நிலைத்து, தீனித் தட்டின்மேல் குனிந்து உறுமினால் அது வேறு. முறை தவறாமல் செய்தும் நிலைப்பல் வந்த பின் கடி ஓயாவிட்டாலும், நன்றாக இருந்த நாய் திடீரென்று குணம் மாறினாலும், வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்தச் சிறுவனுக்கு மருத்துவர் சொன்னபடி ஊசிகள் போடப்பட்டன, கையில்தான். பத்து நாளும் குட்டி நலமாகவே இருந்தது. மூன்றாம் மாதம் முடிந்ததும் கால்நடை மருந்தகத்தில் அதற்கும் தடுப்பூசி போட்டார்கள். மறு ஊசிக்கும் ஆண்டு ஊசிக்கும் உரிய தேதிகளைத் தந்தை, நூல் கணக்கு எழுதும் நோட்டின் பின்னட்டையிலேயே குறித்து வைத்திருக்கிறார். தறிப்பக்கம் இப்போது ஒரு மூங்கில் தட்டி நிற்கிறது. சென்ற முறை நாம் போனபோது குட்டிக்கு ஏழாம் மாதம். சிறுவன் கையை நீட்டினான். அது மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தது. கழிவு நூலும் அளவுக்குள் இருந்தது. ஆச்சியின் முந்தானையை மட்டும் இன்னும் விடவில்லை. யாரும் இல்லாத வேளையில் இட்டிலி விழுவதாகத் தெரிகிறது.